தண்ணீர் சுமப்பவன்



விளையாட்டுக்களைப் பார்ப்பதில் இரு வகை உண்டு. கண் இமையாது பார்ப்பது ஒரு வகை. வீட்டு வேலைகளைச் செய்துகொண்டே இடையிடையே பார்ப்பது மற்றொரு வகை. உதைபந்தாட்டம் முதலாவது வகையைச் சேர்ந்தது. ஒரு நிமிடம் அடுக்களைப் பக்கம் போய்வந்தால், அதற்குள் ஒரு கோல் விழுந்து, ஆரவாரமும் அடங்கிப்போயிருக்கும். துவிச்சக்கரவண்டி ஓட்டப்போட்டியோ இரண்டாவது வகை. எழுந்து சென்று, கிணற்றில் நீரள்ளிக் குளித்து, உடைமாற்றித் திரும்பிவந்து அமர்ந்தாலும், முன்னே சென்ற நால்வர் முன்னேயே சென்றுகொண்டிருப்பர்; பின்னே வந்த பெருங்கூட்டம் பின்னேயே வந்துகொண்டிருக்கும். இல்லறத்தாருக்கு இதனினும் ஏற்ற விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரான்ஸ் நாட்டில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறும் 'தூர் து பிரான்ஸ்' என்னும் போட்டியையே இங்கு முதன்மையாகக் கருதுகின்றேன். கோடை காலத்தில் அந்நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. அங்கே மதிய உணவின் பின் வீரர் புறப்படும் வேளையில், இங்கே பாடசாலை விட்டு வீடு வந்த நான் தேநீர்க் குவளையுடன் விறாந்தையில் அமர்ந்திருப்பேன். அவர்கள் முதலாவது மலையில் ஏறும்போது எம் வீட்டில் விளக்கேற்றப்படும். இரண்டாவது மலையில் பிள்ளைகளின் படிப்பு. மூன்றாவது மலையில் புட்டுப்பானையின் ஆவி கூடம் வரை வந்துசேரும். அவர்கள் முடிவுக் கோட்டைக் கடக்கும்போது இரவு ஒன்பது மணியாகி, எண்பத்திரண்டு வயதான என் தாயார் படுக்கைக்குச் செல்லும் நேரமாகிவிடும். இவ்வாறு மூன்று வாரங்கள் அப்போட்டி எங்கள் மாலைப்பொழுதின் ஊடாகச் சென்றுகொண்டிருக்கும். எனக்கு இதில் ஈடுபாட்டை உண்டாக்கியவர் பரிஸ் மாநகரின் புறத்தே வாழும் என் தம்பியார். தெருவோரத்தில் அரைநாள் காத்துநின்று, அரை நிமிடத்துள் கடந்துசென்ற கூட்டத்தை அவர் கண்டார். அந்த அரை நிமிடத்தைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் தொலைபேசியிற் பேசினார்.

இப்போட்டி 1903ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் நோக்கத்துடன் தொடங்கப்பெற்றது. 'லோட்டோ' என்பது அப்பத்திரிகையின் பெயர். அதன் ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ஜ். அறுபது பேர் புறப்பட்டனர்; இருபத்தொருவரே பரிஸ் திரும்பினர். ஏறக்குறைய 2,428 கிலோமீற்றர் தூரத்தை ஆறே கட்டங்களிற் கடக்கவேண்டியிருந்தமையால், இரவிலும் வண்டி ஓட்டினர். வென்றவர் மோரிஸ் கரான். இளமையிற் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்து பிழைத்தவர் அவர். இன்றோ 21 கட்டங்கள். அணிக்கு எட்டுப் பேர். மொத்தத் தூரம் பெரும்பாலும் 3,300 தொடக்கம் 3,500 கிலோமீற்றர் வரை. அப்பாதையிற் சில ஆண்டுகளில் இடம்பெறும் கலிபியே கணவாயின் உயரம் 2,642 மீற்றர். நம் நாட்டின் அதியுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர். பீதுருதாலகாலவுக்கு மேலே நூறு மீற்றருக்கும் அதிகமாகத் தன் காலின் வலிமையால் வண்டியை மிதித்து ஏறுகின்றான் ஒருவன் என்று எண்ணும்போது, கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போவது இயல்பே.

இவ்விளையாட்டின் கலைச்சொற்களை ஆராயப் புகுந்தால் ஓர் இனிய வியப்பு உண்டாகின்றது. அவற்றுட் பல வீட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. வீரர் திரளாகச் செல்லும் கூட்டத்துக்குப் 'பெலோத்தோன்' என்று பெயர். அச்சொல் நூலுருண்டையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. இயலாது இறங்கிவிட்டவர்களை ஏற்றிக்கொள்ள இறுதியில் வரும் வாகனத்துக்கு 'விளக்குமாற்று வண்டி' என்று பெயர். 1910ஆம் ஆண்டு தொடக்கம் அது வழக்கிலுள்ளது. முன்னாளில் உண்மையாகவே ஒரு விளக்குமாற்றை அதிற் கட்டிவைத்திருந்தனர். எல்லாருக்கும் கடைசியாகப் பரிஸ் வந்துசேர்பவனுக்குச் 'சிவப்பு இலாந்தர்' என்று பெயர். புகைவண்டியின் கடைசிப் பெட்டியிலே தொங்கும் இலாந்தரை நினைந்து இட்ட பெயர் அது. நூலுருண்டை, விளக்குமாறு, இலாந்தர் ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தை நாம் வீடு என்றுதானே சொல்வோம்?

இவற்றுள் நான்காவது சொல்லே என் சிந்தனையைப் பெரிதும் ஈர்த்தது. அணித் தலைவனுக்காக உழைக்கும் துணைவீரனைப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்பர். வீட்டு வேலையாள் என்பது அதன் பொருள். அது முதலில் ஒரு வசைச்சொல்லாகவே பிறந்தது. 1911ஆம் ஆண்டில் மோரிஸ் புரோக்கோ என்னும் வீரர், தாம் வெல்லும் வாய்ப்பு அற்றுப்போனபின் மற்றொரு வீரருக்குத் துணைசெய்து ஓடினார். தனிமனித ஆற்றலையே போற்றிய தெக்ராஞ்ஜ், வெகுண்டு அவரை அச்சொல்லால் இகழ்ந்தார். இகழ்ச்சி காலப்போக்கில் மறைந்தது; சொல் நிலைத்தது. இன்று அது ஒரு தொழிலின் பெயர். அத்தொழிலிற் புகழ்பெற்றோரும் உளர்.

ஏன் இத்தகைய ஒருவன் தேவைப்படுகின்றான்? விடை காற்றில் இருக்கின்றது. சமதரையில் விரைந்து செல்லும் ஒருவனது உழைப்பின் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகின்றது. அவனுக்கு நெருங்கிப் பின்னே செல்பவனோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்கின்றான். கூட்டத்தின் நடுவே செல்பவனுக்கு மிச்சம் இன்னும் அதிகம். எதிர்காற்றில் தோட்டவெளி வீதி வழியே துவிச்சக்கரவண்டி மிதித்துப் பாடசாலை சென்ற எவருக்கும் இதனை விளக்கவேண்டியதில்லை. பெரிய அண்ணன் ஒருவன் பின்னால் ஒட்டிச் சென்று நாமெல்லாம் இக்கணக்கைப் புத்தகமின்றிப் பயின்றவர்களே. ஆகவே தலைவனுடைய வலிமையை இறுதி மலைவரை பேணுவதற்காக ஏனையோர் மாறி மாறி முன்னே சென்று காற்றை வாங்கிக்கொள்கின்றனர். தாகமெடுத்தால் அவன் நிற்பதில்லை. துணைவீரன் பின்தங்கி, அணியின் மோட்டார் வாகனத்தை அடைந்து, ஏழெட்டுத் தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, மீண்டும் விரைந்து கூட்டத்தை எட்டிப்பிடித்து, அவற்றைப் பகிர்ந்தளிக்கின்றான். இறுதி மலையின் அடிவாரத்தில் அவன் களைத்து விலகிவிடுவான். படப்பிடிப்பாளரும் அவனை விட்டு நீங்கிவிடுவர். அவன் எப்பொழுது முடிவுக் கோட்டை அடைந்தான் என்பதை எவரும் காண்பதில்லை.

என் தாயார் இப்போட்டியின் விதிகளை அறியார். மஞ்சட் சட்டை யாருக்கு, பச்சைச் சட்டை யாருக்கு என்பதில் அவருக்குக் கவலையில்லை. மாளிகைகளையும் சூரியகாந்தி வயல்களையும் கண்டு மகிழ்வார். ஆயினும் ஒருநாள் மாலை, போத்தல்களால் முதுகு புடைத்துத் தனியே மிதித்துக்கொண்டிருந்த ஒருவனைச் சுட்டி, "என்ன தம்பி, உந்தப் பொடியன் தான் குடியாமல் எல்லாருக்கும் தண்ணி காவுறான்?" என்று வினவினார். நான் காற்றின் கணக்கையெல்லாம் எடுத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உவன் வீட்டுக்கு மூத்த பிள்ளையாக்கும்" என்றார். நூல்கள் பல கூறாத விளக்கம் அது. என் தாயார் ஆறு பிள்ளைகளுள் மூத்தவர். ஐந்தாம் வகுப்புடன் பாடசாலையை விட்டு நின்றவர். அவருக்குப் பின் பிறந்தவர்களுள் இருவர் ஆசிரியர், ஒருவர் தபாலதிபர்.

இவ்வகைத் தியாகத்தின் வரலாற்றில் என்றும் பேசப்படும் ஒரு நிகழ்ச்சி 1934ஆம் ஆண்டில் நடந்தது. ரெனே வியெத்தோ அப்பொழுது இருபது வயது இளைஞர். கான் நகரத்து விடுதியொன்றில் ஏவலாளாக இருந்தவர். மலையேற்றத்தில் அவருக்கு நிகராக எவருமில்லை என்று அவ்வாண்டு பேசப்பட்டது. பிரனீஸ் மலைச்சரிவொன்றில் பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனன் மாஞ் விழுந்து, அவரது வண்டியின் முன்சக்கரம் சிதைந்தது. வியெத்தோ தமது முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீதியோரத்து மதிலில் அமர்ந்து, துணை வாகனம் வரும்வரை அழுதுகொண்டிருந்தார். அக்காட்சியின் நிழற்படம் இன்றும் உலாவுகின்றது. மறுநாள் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதுற்றது. முன்னே சென்றுவிட்ட வியெத்தோ, செய்தியறிந்து, இறங்கிவந்த மலையின்மேல் எதிர்த்திசையில் ஏறிச்சென்று தம் வண்டியைக் கொடுத்தார். மாஞ் பரிஸில் வெற்றிமாலை சூடினார். வியெத்தோ ஐந்தாமிடம் பெற்றார். பிற்காலத்திலும் அவருக்கு அவ்வெற்றி வாய்க்கவில்லை.

இதனைக் கேட்பவர் மனம் உருகும். உருகுவதோடு நின்றுவிடலாமா என்பதே என் கேள்வி. தியாகத்தைப் போற்றுவது எளிது. அதிலும் பிறருடைய தியாகத்தைப் போற்றுவது மிக எளிது. நான் முப்பது ஆண்டுகளாகப் பாடசாலைகளிற் பணியாற்றுபவன். சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற பெண்பிள்ளையொருத்தி உயர்தர வகுப்புக்கு வராதுபோன சந்தர்ப்பங்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றேன். விசாரித்தால் காரணம் சொல்லப்படும். தாயார் நோயுற்றிருப்பார், அல்லது தொழில் தேடிக் கடல்கடந்து சென்றிருப்பார். வீட்டிலே தம்பி இருக்கிறான், அவன் கெட்டிக்காரன், அவனுக்கு நேரத்துக்குச் சமைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அத்தம்பி பின்னர் பல்கலைக்கழகம் செல்வான். அவனுடைய படம் பாடசாலைச் சுவரில் தொங்கும். பரிசளிப்பு விழாவில் அவன் பெயரை நான்தான் வாசிப்பேன். அக்காளின் பெயரை வாசிப்பதற்கு நிகழ்ச்சிநிரலில் இடமில்லை.

ஈருருளி வீரர்களின் அணியும் நம் குடும்பமும் ஒன்றுபோலத் தோன்றினும், மூன்று வேறுபாடுகள் உள. முதலாவது, அங்கே தண்ணீர் சுமப்பவன் அதனைத் தானே தேர்ந்துகொண்டு ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவன். அதற்குச் சம்பளமும் பெறுபவன். இரண்டாவது, தலைவன் வென்ற பரிசுப்பணத்தை அணியினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது அங்கு நெடுங்கால வழக்கு. மூன்றாவது, துணைவீரனுக்கும் சில நாட்கள் உண்டு. அன்று காற்று அவனுக்குச் சாதகமாக அமைந்தால், "இன்று நீ உனக்காக ஓடு" என்று அணி முகாமையாளர் விடைகொடுப்பார். நம் வீடுகளிலே ஒப்பந்தமில்லை. பங்கீடு எப்போதாவது உண்டு. மூன்றாவதாகிய அந்த ஒருநாளைப் பற்றி எவரும் நினைப்பதில்லை.

அந்த ஒருநாள் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு சான்று தந்தது. அமெரிக்கரான செப் குஸ் மலைகளில் துணைசெய்வதையே தொழிலாகக் கொண்டவர். அவ்வாண்டு இத்தாலியப் போட்டியில் அவர் தம் அணியின் பிறிமோஸ் றொக்லிச் வெல்லத் துணைநின்றார். தூர் து பிரான்ஸ் போட்டியில் அதே அணியின் யோனாஸ் விங்ககோர் வெல்லத் துணைநின்றார். அதே ஆண்டில் மூன்றாவது பெரும்போட்டியாகிய ஸ்பானியப் போட்டிக்கும் அவ்விருவருக்கும் துணையாகவே சென்றார். அங்கே ஒருநாள் முன்னணிக் குழுவுடன் சென்று நேரத்தை ஈட்டி, எவரும் எதிர்பாராத வகையில் முதலிடம் பெற்றுவிட்டார். தலைவர்கள் இருவரும் பின்னே, வேலையாள் முன்னே. அங்லிரு என்னும் கொடிய மலையில் அவ்விருவரும் அவரை விட்டு விரைந்தனர். அன்று மாலை குஸ்ஸின் முன்னிலை எட்டே விநாடிகளாகச் சுருங்கியது. பார்த்துக்கொண்டிருந்தோர் பலர் மனம் பொறாது குரல் எழுப்பினர். அணியினர் கூடிப் பேசினர். அதன் பின்னர் தலைவர்கள் இருவரும் குஸ்ஸைக் காத்து ஓடினர். மட்றிட் நகரில் குஸ் முதலிடமும், விங்ககோர் இரண்டாமிடமும், றொக்லிச் மூன்றாமிடமும் பெற்றனர். ஒரே அணியின் மூவர் ஓராண்டின் மூன்று பெரும்போட்டிகளையும் வென்றது அதுவே முதற்றடவை.

இந்நிகழ்ச்சியிலே எனக்குப் பாடமாக அமைந்தது குஸ்ஸின் வெற்றியினும் அங்லிருவின் மறுநாளே. முந்திய நாள் விரைந்து முன்சென்ற இரண்டு பெருவீரர்கள், மறுநாள் தம் வேகத்தைக் கட்டுப்படுத்தி, தமக்குத் தண்ணீர் சுமந்தவனுக்காகத் தாம் காற்றை வாங்கினர். அவர்களுடைய பெருமை அதனாற் குன்றவில்லை. முறை மாறுவதற்கு அவர்களிடம் வலிமை இருந்தது. கேட்பதற்கு ஊரிலே குரலும் இருந்தது. வீட்டுக்குள் நடப்பதை ஊர் பார்ப்பதில்லை. ஆகவே அக்குரல் வீட்டுக்குள்ளேயே பிறக்கவேண்டியிருக்கின்றது.

துணைநிற்பதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை இவ்விளையாட்டின் இருண்ட பக்கம் உணர்த்துகின்றது. 1999 தொடக்கம் 2005 வரை ஏழு முறை வென்றவரெனக் கொண்டாடப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங், தடைசெய்யப்பட்ட மருந்துகளைக் கையாண்டமைக்காக 2012ஆம் ஆண்டில் அவ்வேழு பட்டங்களையும் இழந்தார். அவ்வேழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் எவரும் இன்று பதிவேட்டில் இல்லை. அவருடைய முன்னாள் அணித்தோழர் பதினொருவர் சாட்சியம் அளித்தனர். தலைவனுக்காகத் தண்ணீர் சுமந்தவர்களை அதே அணி பொய்யையும் சுமக்கவைத்தது என்பதே அச்சாட்சியங்களின் சாரம். குடும்பத்தின் பெயருக்காக வாய்மூடி இருக்கும்படி கேட்கப்படும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் உளர். தண்ணீரைச் சுமப்பது அன்பு; பொய்யைச் சுமக்கும்படி எவரையும் கேட்கலாகாது.

பெண்களின் நிலை இவ்விளையாட்டில் எவ்வாறு இருந்தது என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். 1984ஆம் ஆண்டிலே ஆண்கள் போட்டியுடன் சேர்த்துப் பெண்களுக்கும் ஒரு தூர் து பிரான்ஸ் நடத்தப்பெற்றது. அமெரிக்கரான மரியான் மாட்டின் வென்றார். 1989 உடன் அது நின்றது. பின்னர் வேறு பெயர்களிற் சில போட்டிகள் தோன்றி மறைந்தன. 2022ஆம் ஆண்டிலேதான் அப்பெயருடன் பெண்கள் போட்டி மீண்டும் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுப் போட்டியில், எட்டுக் கட்டங்களின் பின், போலந்து நாட்டு வீராங்கனை காசியா நியுவியதோமா நான்கே விநாடிகளால் டெமி வொல்லரிங்கை முந்தினார். ஆல்ப்ஸ் மலைமீது அவ்விநாடிகள் எண்ணப்பட்டபோது எங்கள் வீட்டிற் புட்டு அடிப்பிடித்தது. எவரும் எவரையும் கடிந்துகொள்ளவில்லை.

எங்கள் வீட்டு நடைமுறை பற்றியும் ஒரு வார்த்தை கூறி அமைவேன். என் மனைவியும் ஓர் ஆசிரியை. இவ்வாண்டு அவர் கல்வியியல் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்துள்ளார். சனிக்கிழமைகளில் விரிவுரைக்குச் செல்கின்றார். வார இரவுகளிற் கட்டுரை எழுதுகின்றார். ஆகவே இவ்வாண்டு எம் அணியின் தலைவர் அவரே. மகன் தேங்காய் துருவுகின்றான். மகள் தன் உயர்தரப் பாடங்களுக்கிடையே அம்மம்மாவின் மருந்து நேரத்தைக் கவனித்துக்கொள்கின்றாள். புட்டுக் குழைக்கும் பொறுப்பு என்னுடையது. அரைமணிநேரம் குனிந்து நின்று மாக் குழைத்தால் இடுப்பு எவ்வாறு வலிக்கும் என்பதைக் கலைப்பட்டப் படிப்பில் எவரும் எனக்குப் போதிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, தண்ணி கூடிப்போச்சு" என்று மேசையிலிருந்து குரல் வரும். அணி முகாமையாளரின் கட்டளை எனக் கொண்டு ஒரு பிடி மா சேர்ப்பேன். என் தாயார் இவற்றையெல்லாம் பார்த்திருந்துவிட்டு, "எங்கட காலத்தில ஆம்பிளையள் உது செய்யேல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "செய்திருந்தால் நானும் ஆறாம் வகுப்புப் பார்த்திருப்பன்" என்றார். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். கூடத்தில் இருந்த பிள்ளைகள் இருவரும் அதைக் கேட்டனர். அவர்கள் கேட்டது நன்று என்றே எண்ணுகின்றேன்.

நேயர்களே, அடுத்த ஜூலையில் வாய்ப்பிருந்தால் இப்போட்டியை ஒரு மாலையாயினும் பாருங்கள். முன்னே செல்பவனை எல்லாருங் காட்டுவர். நீங்கள் கூட்டத்தின் பின்புறத்தைக் கவனியுங்கள். முதுகு புடைத்து ஒருவன் வருவான். அவனை அடையாளங் கண்டபின், தொலைக்காட்சியிலிருந்து ஒருகணம் முகத்தைத் திருப்பி, இவ்வேளை உங்கள் வீட்டில் யார் எழுந்து நிற்கிறார் என்று பாருங்கள். நிற்பவர் யாராயிருப்பினும், அவருக்குரிய அந்த ஒருநாள் எது என்று கேட்பதற்கு இரவுச் சாப்பாட்டுவேளை மிகவும் உகந்தது.